நூலகம் டாட் ஓஆர்ஜியில பூட்டனைத் தேடுறது: கல்வெட்டு, பழைய பேப்பர், சவக்காலை எல்லாம் சேத்து ஒரு ரிவியூ

யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒண்டின்ர பழைய ஆக்களைத் தேடுறதுக்கு எந்த சைற் நல்லம் எண்டு ஆர் கேட்டாலும் நான் முதல் சொல்லுறது நூலகம் டாட் ஓஆர்ஜிதான். கனபேர் இதைப் பழைய நாவலும் பாடப்புத்தகமும் இறக்கிற இடம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம், குடும்ப வரலாற்றுக்கு இது எவ்வளவு பெரிய சாமான் எண்டு தெரியாது, அதாலதான் மினக்கெட்டு இவ்வளவு நீளமா எழுதுறன். 2005ல தன்னார்வலர்கள் சேந்து தொடங்கின வேலை இது. ஈழத்துத் தமிழ் ஆக்கள் எழுதினது, அச்சடிச்சது எதுவா இருந்தாலும் ஸ்கான் பண்ணி இலவசமாப் போடுறது. லொகின் வேண்டாம், காசு வேண்டாம், பிடிஎஃப்பா இறக்கி போனிலயே வாசிக்கலாம்.

வெள்ளைக்காரருக்கு எண்டு செய்த குடும்ப வரலாற்று சைற்றுகள் எல்லாம் ரெண்டு சாமானைத்தான் நம்பி நிக்குது, ஒண்டு சேர்ச் பதிவேடு, மற்றது கல்லறை. 1995ல தொடங்கின ஃபைண்ட் எ கிரேவ் மாதிரி சைற்றுகளில உலகம் முழுக்கத் தன்னார்வலர் சவக்காலைக்குப் போய் கல்லுகளைப் படமெடுத்துப் போடுகினம், நல்ல வேலை, நான் குறை சொல்லேல்ல. ஆனா எங்கட சைவ ஆக்களுக்கு அது என்ன உதவி? சுடலையில எரிச்சு, காடாத்தி, சாம்பலைக் கீரிமலைக் கடலில கரைச்சாச்சு. பூட்டனை எரிச்ச சுடலை எது எண்டு தெரிஞ்சாலும் அங்க போய் வாசிக்கிறதுக்கு ஒரு எழுத்தும் இல்லை. அந்த இடத்தை எங்கட ஆக்கள் கடதாசியால நிரப்பி வச்சிருக்கினம், அதுதான் கல்வெட்டு. 31ம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் முடிய வந்த ஆக்களுக்கு மோதகம் வடையோட கையில குடுத்துவிடுற அந்தச் சின்னப் புத்தகம். நினைவு மலர் எண்டும் சொல்லுவினம். எல்லார் வீட்டிலயும் சாமியறைத் தட்டிலயோ அலுமாரி அடியிலயோ ஒரு கட்டு கிடக்கும், ஆரும் திரும்பிப் பாக்கிறேல்ல.

நூலகத்தில இந்தப் புத்தகங்களுக்கு எண்டு நினைவு மலர்கள் எண்டு தனிப் பிரிவே இருக்கு. உள்ளுக்கப் போனா ஊர்ப்பட்ட பேர். அங்க தேடேக்க ஒரு விசயத்தை மனசில வச்சிருக்கோணும், நீங்கள் தேடுற ஆளின்ர கல்வெட்டு அங்க இருக்கோணும் எண்டு இல்லை. உங்கட பூட்டன்ர மச்சான்ர கல்வெட்டு இருந்தாக் காணும், உங்கட அம்மம்மாவின்ர ஒண்டுவிட்ட தமையன்ர மலர் இருந்தாக் காணும். ஏனெண்டா இதுகளின்ர கடைசிப் பக்கங்களில வம்சாவளி எண்டு கிளை விரிச்சுப் போட்டிருப்பினம், சிலதில மடிச்சு வச்ச பெரிய தாள், விரிச்சா மேசை முழுக்க வரும், அஞ்சு ஆறு தலைமுறை, ஆர் ஆரை எந்த ஊரில கட்டினது, எத்தினை பிள்ளை, எல்லாம் அதில கிடக்கும். எங்கட அம்மாவின்ர பக்கத்தில பூட்டன்ர தாயின்ர பேர் வீட்டில உயிரோட இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. அது எனக்குக் கிடைச்சது பூட்டன்ர தங்கச்சியின்ர மருமகன் ஒருத்தற்ர நினைவு மலரில, அதுவும் வம்சாவளித் தாளின்ர மூலையில சின்ன எழுத்தில. அந்தப் பேரை அம்மாவுக்கு போனில வாசிச்சுக் காட்ட அவ கொஞ்சநேரம் ஒண்டும் பேசேல்ல, பேந்து திரும்பவும் சொல்லு எண்டு கேட்டா.

பழைய கல்வெட்டுகள் இன்னும் விசேசம். இப்ப வாறதுகள் கலர்ப் படம், தேவாரம், பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எண்டு ஒரே அச்சில வரும், அந்தக் காலத்தில முழுக்கப் பாட்டு. ஊர்ப் புலவர் ஒருத்தரைப் பிடிச்சு எழுதுவிப்பினம். முதல் திதி வெண்பா, பிறகு செத்தவரின்ர குலம் ஊர் பெருமை, அதுக்குப் பிறகு புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பெறாமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் எண்டு ஒவ்வொரு ஆளும் முறை சொல்லிப் பாடுற மாதிரி. இலக்கியமா வாசிக்கிறவைக்கு ஒரே மாதிரி இருக்குது எண்டு தோணும், ஆனா குடும்பம் தேடுறவனுக்கு அந்தப் புலம்பல் வரிசைதான் பொன். ஆர் ஆர் அப்ப உயிரோட இருந்தவை, ஆர் கலியாணம் கட்டி எந்த ஊருக்குப் போனவை, ஆர் சிங்கப்பூரில உத்தியோகம் பாத்தவர், எல்லாம் பாட்டுக்குள்ள வந்திடும். தாயில்லாமல் வளந்த ஒரு பேரப்பிள்ளை எண்டு ஒரு வரி வந்தா, அங்க ஒரு பொம்பிளைப்பிள்ளை தகப்பனுக்கு முன்னமே செத்திருக்கிறா எண்டு விளங்கிக் கொள்ளோணும்.

திதி வெண்பாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா இங்கதான் கனபேர் தடக்குப்படுகினம். வெண்பாவில இங்கிலீஷ் திகதி வராது. தமிழ் வருஷத்தின்ர பேர், மாதம், பூர்வபக்கமோ (வளர்பிறை) அபரபக்கமோ (தேய்பிறை), திதி, சிலதில நட்சத்திரமும், அவ்வளவுதான். வருஷத்துக்கு 60 பேர்தான் இருக்கு, சுத்திச் சுத்தி வரும். எங்கட வீட்டில இருந்த பூட்டன்ர கல்வெட்டு அட்டை போய், முதல் தாளும் பாதி பூச்சி அரிச்சது, வெண்பாவில தாது வருஷம் ஐப்பசி அபரபக்க தசமி எண்டு மட்டும் வாசிக்க ஏலும். தாது எண்டா 1876லயும் வந்தது, 1936லயும் வந்தது, பிறகு 1996. பூட்டன் மலாயாவில றெயில்வேயில இருந்து பென்சன் எடுத்தவர் எண்டு கதை இருக்கிறபடியா 1936தான். அந்த வருஷம் ஐப்பசி எண்டா ஒக்ரோபர் நடுவில இருந்து நவம்பர் நடு வரை, பூரணை ஒக்ரோபர் 30ல வந்தது, அதில இருந்து பத்தாம் திதி எண்டா நவம்பர் 8, 9 அளவில நிக்கும். இப்பிடி ஒரு பாட்டில இருந்து ரெண்டு நாளுக்குள்ள திகதியைக் கொண்டுவந்து நிப்பாட்டலாம். பழைய பஞ்சாங்கம் ஏதும் கையில இருந்தா இன்னும் சுகம், இல்லாட்டி பழைய அமாவாசை பூரணைத் திகதி கணக்குப் பாத்துச் சொல்லுற சைற்றுகள் இருக்கு. திகதி கிடைச்சிட்டா அடுத்தது பேப்பர்.

பேப்பர் விசயத்தில நூலகத்தில இருக்கிறதைப் பாக்க எனக்கு உண்மையாவே பெருமையா இருக்கு. யாழ்ப்பாணத்தில பேப்பர் எண்டது நேற்று முந்தநாள் வந்த சாமான் இல்லை. அமெரிக்க மிசன் ஆக்கள் 1841லயே உதயதாரகையைத் தொடங்கிட்டினம், தமிழும் இங்கிலீஷும் சேத்து. 1889ல சைவ பரிபாலன சபை இந்துசாதனம், இங்கிலீஷில ஹிந்து ஓர்கன். 1930ல ஈழகேசரி. 1959ல ஈழநாடு. 1985ல உதயன். இதுகளில பழைய இதழ்கள் கனக்க நூலகத்தில திகதி திகதியாக் கிடக்கு. எல்லாம் இல்லை, இடைக்கிடை பெரிய இடைவெளி இருக்கு, அந்த இடைவெளிக்குக் காரணம் நூலகம் இல்லை. 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சது எல்லாருக்கும் தெரியும், 97,000 புத்தகம் சுவடி எண்டு சொல்லுவினம், அதே நாட்களில ஈழநாட்டுக் கந்தோரையும் எரிச்சதைக் கனபேர் மறந்திட்டினம். அதுக்குப் பிறகு யுத்தம், 1995 இடப்பெயர்வு, வீட்டோட போன பெட்டியள். எங்கயோ ஒரு வாத்தியார் கட்டி வச்ச கட்டு, எங்கயோ ஒரு பள்ளிக்கூட அலுமாரி, இப்பிடித் தப்பினதுகளைத்தான் தேடிப்பிடிச்சு ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம். ஒவ்வொரு இதழைத் திறக்கேக்கயும் எனக்கு அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

பேப்பரில என்ன பாக்கிறது? மரண அறிவித்தல். எங்கட மரண அறிவித்தல் மாதிரி இறுக்கி விசயம் அடைஞ்ச எழுத்து வேற எங்கயும் இருக்குமோ தெரியேல்ல. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட எண்டு தொடங்கும், காலஞ்சென்றவர்களான இன்னார் இன்னார் தம்பதியரின் கனிஷ்ட புத்திரனும், காலஞ்சென்ற இன்னாரின் மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், மைத்துனரும், மாமனாரும், பேரனும் எண்டு போகும், ஒரே வசனம். இதில ஒவ்வொரு சொல்லையும் கணக்கெடுக்கோணும். சிரேஷ்ட எண்டா மூத்தது, கனிஷ்ட எண்டா கடைசி, ஏக எண்டா ஒண்டே ஒண்டு. காலஞ்சென்ற எண்ட சொல்லு ஆருக்கு முன்னால நிக்குது, ஆருக்கு முன்னால இல்லை எண்டு பாத்தா, அந்தத் திகதியில ஆர் உயிரோட இருந்தது எண்டு தெரியும். ஒரே குடும்பத்தில பத்துப் பதினைஞ்சு வருஷ இடைவெளியில வந்த ரெண்டு அறிவித்தலைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்கோ, நடுவில ஆர் ஆர் போனது எண்டு தானா வரும். அந்தியேட்டி அழைப்பு, ஆண்டு நிறைவு நினைவஞ்சலி, இதுகளையும் விடாதேங்கோ, மரண அறிவித்தல் வந்த இதழ் கிடைக்காட்டியும் 31ம் நாள் அறிவித்தல் வந்த இதழ் கிடைக்கலாம்.

இப்ப மலாயா. யாழ்ப்பாணத்தில அந்தத் தலைமுறைக் குடும்பம் எதைத் தட்டினாலும் மலாயா பென்சனியர் ஒருத்தர் வருவார். இங்கிலீஷ் படிச்ச பெடியங்கள் 19ம் நூற்றாண்டின்ர கடைசிப் பக்கத்தில இருந்து கப்பல் ஏறினவங்கள், றெயில்வே, கிளறிக்கல், சேர்வே, அப்போதிக்கரி எண்டு. அவையின்ர உத்தியோக காலம் முழுக்க அங்கத்தைப் பேப்பரில கிடக்கு, அதைப் பாக்க சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின்ர நியூஸ்பேப்பர்எஸ்ஜி எண்ட சைற்றுக்குப் போகோணும். இதுவும் இலவசம். 1845ல தொடங்கின ஸ்ட்ரெய்ட்ஸ் ரைம்ஸ், 1914ல இருந்து 1951 வரை வந்த மலாயா ரிபியூன் எல்லாம் சொல்லைத் தட்டித் தேடலாம், திகதியை இறுக்கலாம், பேப்பரின்ர பேரால பிரிக்கலாம். பழைய காலத்துப் பக்கங்களை உலகத்தில எங்க இருந்தும் திறக்கலாம், கொஞ்சம் கிட்டடி வருஷத்துப் பக்கங்கள் சிலது சிங்கப்பூர் நூலகத்துக்குள்ள இருந்துதான் பாக்க விடும். மலாயா ரிபியூன் உள்ளூர் ஆக்களுக்கு எண்டு நடந்த பேப்பர், அதால இலங்கைத் தமிழற்ர சங்கக் கூட்டம், பிரியாவிடை ரீ பார்ட்டி, கலியாணம், இடமாற்றம், சாவு எல்லாம் நல்லா வரும். யாழ்ப்பாணத்தில செத்த பென்சனியருக்கு அங்க பழகின ஆக்கள் செய்தி போடுவிப்பினம். எங்கட பூட்டன்ர செய்தியும் அப்பிடித்தான், 1936 நவம்பர் கடைசியில ஒரு சின்னத் துண்டு, எந்த எந்த ஸ்ரேசனில வேலை செய்தவர் எண்டு ஊர்ப் பேரோட. வெண்பாவில பாட்டாச் சொன்ன அதே சாவை அங்க இங்கிலீஷில நாலு வரியில வாசிக்கேக்க ரெண்டும் ஒண்டோட ஒண்டு பொருந்தி வந்தது, அந்தச் சந்தோசத்தைச் சொல்லித் தெரியாது.

ஆனா அங்க பேரை எப்பிடித் தேடுறது எண்டது ஒரு கலை. சின்னத்தம்பி எண்ட பேரையே எடுங்கோ, எஸ்ஸில தொடங்கும், சிஎச்சில தொடங்கும், நடுவில ரீ மட்டும் வரும், ரீஎச் வரும், கடைசியில வை வரும், ஐ வரும். வைத்திலிங்கத்துக்கு நடுவில வையோட ரீஎச்வை எண்டு ஒரு எழுத்துக்கூட்டு, குமாரசுவாமிக்கு கேயும் உண்டு சியும் உண்டு. அதோட பழைய அச்சைக் கொம்பியூட்டர் வாசிக்கேக்க எம் எண்ட எழுத்தை ஆர் என் எண்டு பிரிச்சு வாசிக்கிறது எல்லா இடத்திலயும் நடக்கிற விசயம். அதால பேரை மட்டும் தட்டிப்போட்டு ஒண்டும் வரேல்ல எண்டு விட்டிடாதேங்கோ. வேலை, ஊர் ரெண்டையும் சேத்துத் தேடுங்கோ, ஸ்ரேசன் மாஸ்டர் எண்டு போட்டு ஊர்ப் பேரைப் போட்டு வருஷத்தை இறுக்கினா வாற பக்கங்களைக் கண்ணால பாக்கலாம். இனிசலையும் நம்பலாம், அது அனேகமாத் தகப்பன்ர பேர், ஒரு தலைமுறை மேல போறதுக்கு அந்த ஒரு எழுத்து உதவும். 1942ல இருந்து 1945 வரை யப்பான்காரன்ர காலம், அந்த வருஷங்களுக்கு சியோனான் (சிங்கப்பூருக்கு அவங்கள் வச்ச பேர்) எண்ட பேரில வந்த பேப்பர்தான் இருக்கு, அதில எங்கட ஆக்களின்ர வீட்டுச் செய்தி குறைவு. யப்பான்காரன் ஆக்களைக் கொண்டுபோய்ப் போடுவிச்ச சயாம்-பர்மா றெயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பி வராத ஆக்களின்ர குடும்பங்களுக்கு இந்த இடைவெளி பெரிய வேதனை, அங்க பேப்பரை விட 1946, 47ல வந்த கல்வெட்டுகளில தேடிப் பாக்கிறது நல்லம், சாவு பிந்தித் தெரியவந்து பிந்திச் செய்தவையும் இருக்கினம்.

வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவக் குடும்பம் எண்டா உங்களுக்குக் கல்லும் இருக்கு. எங்கட அப்பாவின்ர தாய்வழி அமெரிக்க மிசனில சேந்த ஆக்கள், அதால எனக்கு ரெண்டு பக்கமும் பாக்கக் கிடைச்சது. 1816ல தெல்லிப்பளை, வட்டுக்கோட்டை எண்டு தொடங்கின மிசன், 1823ல வட்டுக்கோட்டை செமினறி, 1824ல உடுவில் பெண்கள் பள்ளிக்கூடம். உடுவிலைத் தொடங்கின ஹரியற் வின்ஸ்லோ அங்கயே 1833ல செத்தவ, அமெரிக்க வெளிநாட்டு மந்திரியா இருந்த ஜோன் ஃபொஸ்டர் டலஸுக்கு அவ பூட்டி முறை. அவவின்ர ஆக்களுக்கு அவவைத் தேடுறது சுகம், ஊர்ப்பட்ட புத்தகம் எழுதி வச்சிருக்கினம். எங்கட ஆக்களைத் தேடேக்கதான் ஒரு சிக்கல், மிசன் பள்ளிக்கூடத்தில சேந்த பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில இருந்து காசு அனுப்பிப் படிப்பிச்ச ஆக்களின்ர பேரை வச்சவை. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எண்டெல்லாம் வாறது அப்பிடித்தான். உதயதாரகையின்ர முதல் ஆசிரியர் ஹென்றி மாட்டினும் சேத் பேசனும், பேரைப் பாத்தா வெள்ளைக்காரர், ரெண்டுபேரும் தமிழர். அதால சவக்காலையில இங்கிலீஷ் பேர் மட்டும் வெட்டின கல்லைப் பாத்து இது ஆரோ பாதிரி எண்டு கடந்து போகாதேங்கோ. உங்கட கொப்பாட்டனா இருக்கலாம்.

சவக்காலைக்குப் போறவைக்குச் சில விசயம். எங்கட பக்கத்துக் கல்லுகள் கன இடத்தில சுண்ணாம்புக்கல்லும் சாந்தும், உப்புக்காத்துக்கு எழுத்து மழுங்கிப் போயிருக்கும். நடு மத்தியானத்தில போனா ஒரு எழுத்தும் தெரியாது. விடியக் காலமை, இல்லாட்டி பின்னேரம் வெயில் சரிஞ்சு விழுற நேரம் போங்கோ, எழுத்தின்ர பள்ளத்தில நிழல் விழும், அப்ப வாசிக்கலாம். நிழலுக்குள்ள இருக்கிற கல்லுக்கு ஒரு முகம் பாக்கிற கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டால வெளிச்சத்தைத் திருப்பினாக் காணும், நாங்கள் அப்பிடித்தான் ஒரு கல்லில 18 எண்டதுக்குப் பிறகு இருந்த ரெண்டு இலக்கத்தையும் பிடிச்சது. பச்சைத் தண்ணி கொஞ்சம் தெளிக்கலாம். சோக்குக்கட்டி பூசுறது, மா பூசுறது, கம்பித் தூரிகையால தேய்க்கிறது, பிளீச் ஊத்துறது ஒண்டும் வேண்டாம், இண்டைக்கு ஒருக்கா வாசிக்கலாம், ஆனா அடுத்த தலைமுறைக்குக் கல்லு இராது. படமெடுக்கேக்க கல்லை மட்டும் எடுக்காமல் பக்கத்துக் கல்லுகளையும் சேத்து எடுங்கோ, குடும்பமாத்தான் தாட்டிருப்பினம். சேர்ச்சில ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எழுதின பதிவேடு இருக்கோ எண்டு போதகரிட்ட மரியாதையாக் கேளுங்கோ. வலிகாமம் வடக்கில கன இடம் 1990ல இருந்து ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போய், யுத்தம் முடிஞ்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டது, அந்தப் பக்கத்து ஆக்கள் முன்னம் போய்ப் பாக்க ஏலாமல் போனதை இப்ப திரும்பிப் போய்ப் பாக்கிறது நல்லம்.

எழுதி வைக்கிறதால என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு உதாரணம் சொல்லுறன். பென்றி லூயிஸ் எண்ட ஒரு சிவில் சேர்விஸ் உத்தியோகத்தர் இலங்கை முழுக்கக் கல்லறைக் கல்லுகளில இருந்ததைப் பிரதி பண்ணி 1913ல புத்தகமாப் போட்டவர். யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள ஒல்லாந்தர் 1706ல கட்டின சேர்ச்சில இருந்த கல்லுகளும் அதில இருக்கு. அந்தச் சேர்ச் யுத்தத்தில இடிஞ்சு போச்சு. இண்டைக்குப் போறவைக்கு அங்க குவிஞ்ச கல்லுதான். கன கல்லுக்கு லூயிஸ் எழுதி வச்ச பக்கம்தான் மிச்சம்.

இனி நூலகம் சைற்றைப் பாவிக்கிறது எப்பிடி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம், அதில நூலக எண், வருஷம், பக்கம், மொழி எல்லாம் இருக்கும், வாசிக்க எண்ட இடத்தில பிடிஎஃப் லிங்க், கனக்க ஆவணத்துக்கு எழுத்துணரியாக்கம் எண்டு இன்னொரு லிங்க், அது ஸ்கானைக் கொம்பியூட்டர் வாசிச்சு எடுத்த எழுத்து. அந்த எழுத்துணரியாக்கம்தான் தேடலுக்கு உயிர், அதால ஒருவற்ர பேர் தலைப்பில இல்லாட்டியும் உள்ளுக்க 40ம் பக்கத்தில வந்தாலும் பிடிபடலாம். தமிழ்ப் பேரையும் ஒரு எழுத்துக்கூட்டில மட்டும் தேடாதேங்கோ, சுப்பிரமணியம், சுப்ரமணியம், இராசையா, ராசையா, பிள்ளையைச் சேத்தும் பிரிச்சும், எல்லாம் போட்டுப் பாருங்கோ. கூகிளில பேரோட நூலகம் எண்டும் சேத்துப் போட்டுப் பாக்கிறது சிலநேரம் கெதியா வேலை செய்யும். நினைவு மலர் மட்டும் இல்லை, சிறப்பு மலர் எண்ட பிரிவையும் பாருங்கோ. கோயில் கும்பாபிஷேக மலரில உபயகாரர் பட்டியல், பள்ளிக்கூட நூற்றாண்டு மலரில பழைய மாணவர், வாத்திமாரின்ர குறூப் படம், படத்துக்குக் கீழ இருக்கிறவை நிக்கிறவை எண்டு வரிசையாப் பேர். பூட்டன்ர முகத்தை முதல் முதல் பாத்த ஆக்கள் இருக்கினம் அப்பிடி. இதோட சேந்த ஆவணகம் எண்ட சைற்றில படம், ஒலிப்பதிவு, ஓலைச்சுவடி எல்லாம் கிடக்கு, அது வேற உலகம், அதைப் பற்றி இங்க தொடங்கினா முடியாது.

ஒரு குறை சொல்லத்தான் வேணும், அது சைற்றின்ர குறை இல்லை, எங்கட சமூகத்தின்ர குறை. கல்வெட்டு அடிச்சது ஆர்? காசும் எழுத்தும் இருந்த வீடு. கூலி வேலை செய்த ஆக்கள், சாதியால ஒதுக்கி வச்ச ஆக்கள், அவையின்ர சாவுக்கு 1930ல ஆர் வெண்பா எழுதினது? அதால வேளாளக் குடும்பம் ஒண்டுக்கு அஞ்சு தலைமுறை கிடைக்கிற இடத்தில பக்கத்து ஒழுங்கையில இருந்த குடும்பத்துக்கு ஒரு பேரும் கிடைக்காமல் போகும். அவைக்குப் பேப்பரில சங்கச் செய்தி, பள்ளிக்கூட மலர், காணி உறுதி, ஊர்ப் பெரியாக்களின்ர வாய்க்கதை, இப்பிடித்தான் பிடிக்கோணும், உயிரோட இருக்கிற ஆக்களிட்டக் கேட்டுப் பதிஞ்சு வைக்கிற வேலை அங்க இன்னும் அவசரம். ஆனா பொம்பிளையளின்ர விசயத்தில கல்வெட்டு இங்கிலீஷ் பேப்பரை விட எவ்வளவோ மேல். மலாயாப் பேப்பரில மிசிஸ் இன்னார் எண்டு புருசன்ர பேர்தான், அவவுக்கு எண்டு ஒரு பேர் இருந்தது எண்டே தெரியாது. கல்வெட்டில அவவின்ர சொந்தப் பேர், தகப்பன் தாய், பிறந்த ஊர், சகோதரம் எல்லாம் இருக்கும். எனக்கு இந்த முழு வேலையிலயும் பெரிசாப் படுறது இதுதான், பொம்பிளை ஆக்களின்ர பேர் திரும்பி வாறது.

காசு கட்டிச் சேருற வெளிநாட்டு சைற் ஒண்டிலயும் சேந்து பாத்தனான், பேர் சொல்லேல்ல. எங்கட பேரைத் தட்டினா ஐரோப்பாவில எங்கயோ கிட்டத்தட்ட அந்த எழுத்தில இருக்கிற ஆக்களைக் காட்டுது, சந்தாவை நிப்பாட்டச் சொல்லி எழுதினதுக்குப் பிறகும் காசு வெட்டினவங்கள், வங்கியோட கதைச்சுத்தான் திருப்பி எடுத்தது. யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு அந்தக் காசு வேண்டாம். அதைக் கொண்டுபோய் நூலகத்துக்கு நன்கொடையாக் குடுத்தா இன்னும் கொஞ்சப் பெட்டி திறபடும். மிசன் பக்கம் ஆழமாப் போறவை ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஹவுட்டன் நூலகத்தில அமெரிக்க மிசன்ர ஆவணங்கள் இருக்கு எண்டதை ஞாபகம் வச்சிருங்கோ, அது பெரிய வேலை, வேணுமெண்டாப் பிறகு போகலாம்.

என்ர மார்க், நூலகத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, நியூஸ்பேப்பர்எஸ்ஜிக்கு மலாயாத் தொடர்பு இருக்கிற ஆக்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு, இல்லாதவைக்கு அது தேவையில்லை.

உங்கட வீட்டில கல்வெட்டுக் கட்டு இருந்தா ஸ்கான் பண்ணிக் குடுங்கோ எண்டு கேக்கிறன், கேக்கிறது என்ன, கெஞ்சிறன். அம்மம்மா போன பிறகு வீடு துப்பரவாக்கேக்க முதல் வெளிய போறது இந்தக் கட்டுதான். ஊர் வீட்டில இருக்கிறவையைக் கேளுங்கோ, கரையான் பிடிக்கிற இடத்தில இருந்து முதல் எடுத்து மேல வையுங்கோ. போனில படமெடுத்தாலும் பரவாயில்லை, ஆனா தாளை நேரா வச்சு, பகல் வெளிச்சத்தில, நிழல் விழாமல், ஒரு பக்கமும் விடாமல் எடுங்கோ, ஸ்கானர் இருந்தா 300 டிபிஐ போடுங்கோ. வம்சாவளித் தாளை மடிப்போட இழுக்காதேங்கோ, கிழிஞ்சிடும், துண்டு துண்டா எடுத்து முழுசா ஒரு படமும் எடுங்கோ. கிட்டடியில வந்த மலர் எண்டா உயிரோட இருக்கிற ஆக்களின்ர பிறந்த திகதி, விலாசம், போன் நம்பர் எல்லாம் உள்ளுக்க இருக்கும், குடும்பத்து ஆக்களைக் கேட்டுச் சம்மதம் எடுத்துப்போட்டுக் குடுங்கோ. பழையது எண்டா பின்னட்டையையும் மறக்காமல் எடுங்கோ, அச்சகத்தின்ர பேர் அனேகமா அங்கதான் இருக்கும், வருஷம் போடாத கல்வெட்டுக்கு வருஷம் பிடிக்கேக்க சிலநேரம் அந்த ஒரு வரிதான் கைகுடுக்கும்.